வாவிக்கரையின் பழைய துறையைப் பொதுப் பூங்காவாக்குதல்: மட்டக்களப்புக்கான ஒரு வழிகாட்டி

கல்லடிப் பாலம் 1924 இல் கட்டி முடிக்கப்படும் வரை, நகரத்தின் நடுவான புளியந்தீவிலிருந்து வாவியின் கிழக்கே உள்ள எழுவான்கரைக்குப் போக விரும்பிய எவரும் தோணியை நம்பியே இருக்க வேண்டியிருந்தது. மேற்கே உள்ள படுவான்கரையின் நெல்லும் நீர்வழியாகவே நகரத்துக்கு வந்து சேர்ந்தது. ஆகவே வாவியோரத்தில் சிறியனவும் பெரியனவுமாகப் பல துறைகள் இருந்தன. 1814 இல் மெதடிஸ்த மிசனரியான வில்லியம் ஓல்ட் வந்திறங்கியதை நினைவூட்டும் மட்டக்களப்பு வாசல் அவற்றுள் ஒன்று. அதன் அருகில் காந்தி பூங்கா அமைந்திருப்பதால் அந்தக் கரைத்துண்டு இன்றும் மக்களின் கையில் இருக்கிறது. மற்ற இடங்களில் நிலைமை அப்படியில்லை. பாலங்களும் வீதிகளும் வந்து வள்ளங்களின் வேலை குறைந்தபோது, வாவியோரம் வீடுகளுக்கும் கடைகளுக்கும் பின்புறமாகிப் போனது. மதில்கள் எழுந்தன, கான்கள் திறந்துவிடப்பட்டன, கட்டட இடிபாடுகள் கொட்டப்பட்டன. நகரத்தின் நடுவிலேயே இருந்தும் யாரும் போய் நிற்க முடியாத கரை இப்படித்தான் உண்டாயிற்று.

அத்தகைய ஒரு கரைத்துண்டைப் பூங்காவாக மாற்ற நினைக்கும் சனசமூக நிலையத்தினர், மீனவர் சங்கத்தினர், மாநகர சபை உறுப்பினர்கள், இளம் பொறியியலாளர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். இதில் சொல்லப்படுவன பெரும்பாலும் மட்டக்களப்பு வாவியை மனத்தில் வைத்தவை என்றாலும், அம்பாறை மாவட்டத்தில் களப்புகளை அண்டிய ஊர்களுக்கும் சிறு மாற்றங்களுடன் பொருந்தும்.

முதலில் எடுக்க வேண்டிய ஒரே தீர்மானம்

வாவியிலிருந்து ஓர் அடி நிலத்தைக்கூட எடுப்பதில்லை என்று வேலையைத் தொடங்கும் முன்னரே எழுத்தில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். பூங்கா என்ற பெயரில் நீருக்குள் மண்ணைக் கொட்டிச் சுவர் எழுப்பி, கிடைத்த புதிய நிலத்தில் புல் விரித்துச் சிலை வைப்பது பார்வைக்கு இலகுவான வழியாகத் தோன்றும். ஆனால் நமது வாவி எப்படி நிரம்பி எப்படி வடிகிறது என்று அறிந்தவர் அதற்கு உடன்படமாட்டார். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான இந்த வாவி, பாலமீன்மடுவில் உள்ள முகத்துவாரத்தாலும் தெற்கே கல்லாற்றுப் பக்கத்தாலும் கடலோடு சேர்கிறது. வரட்சிக் காலத்தில் மணல்திட்டு வாயை அடைத்துக்கொள்கிறது. வடகீழ்ப் பருவமழையில் மேற்கிலிருந்து ஆற்றுநீர் வந்து நிறையும்போது, முகத்துவாரம் தானாக உடையும் வரை அல்லது வெட்டிவிடப்படும் வரை, அந்த நீர் முழுவதும் கரைகளுக்கிடையே நின்றே ஆக வேண்டும். 2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஓரிடத்தில் கரையை நீருக்குள் தள்ளினால், தள்ளப்பட்ட நீர் பக்கத்து வீட்டு முற்றத்தில் ஏறும்.

எனவே பூங்கா பின்வாங்க வேண்டும். செங்குத்தான மதிலை இடித்து, கரையைச் சில மீற்றர் உள்ளே தள்ளிச் சரிவாக்கினால், நிலத்தின் பரப்பளவு வரைபடத்தில் குறையும். ஆனால் மக்கள் நீரைத் தொடக்கூடிய கரை கிடைக்கும். செங்குத்துச் சுவரில் மோதும் அலை திரும்பிச் சென்று சுவரின் அடிமண்ணை அரிக்கும் என்பதும், சரிவில் ஏறும் அலை தன் வேகத்தை அங்கேயே இழக்கும் என்பதும் இத்தீர்மானத்துக்கு இன்னொரு காரணம். கீழே சொல்லப்படும் அனைத்தும் இந்தத் தீர்மானத்தின் மீதே நிற்கின்றன.

கரையை அறிதல்

வரைபடம் வரையும் முன்னர், கரையை இப்போது யார் பயன்படுத்துகிறார்கள் என்பதைப் பார்த்து எழுத வேண்டும். கைவிடப்பட்ட இடம் என்று அதிகாரிகள் சொல்லும் கரைகளில் பெரும்பாலானவை கைவிடப்பட்டவை அல்ல. விடியற்காலையில் ஒருவர் தோணியைக் கட்டுகிறார். வெயில் ஏறும்போது யாரோ வலை காயப்போடுகிறார்கள். மதியத்தில் முச்சக்கர வண்டிக்காரர் நிழலில் நிறுத்திக் கண்ணயர்கிறார். மாலையில் இளைஞர்கள் தூண்டில் போடுகிறார்கள். வேலைநாள் ஒன்றிலும், ஞாயிற்றுக்கிழமை ஒன்றிலும், பூரணை விடுமுறை ஒன்றிலுமாகக் காலை, மதியம், மாலை, இரவு என்ற நான்கு வேளைகளில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று வரைபடத்தில் புள்ளியிட்டால், பூங்காவின் அமைப்பு பாதி தானாகவே தெரியவரும். பெண்களும் முதியவர்களும் எந்த வேளையில் வருவதில்லை என்பதையும் அதே தாளில் குறிக்க வேண்டும். வராதவர்களிடம் வீட்டுக்குச் சென்று காரணம் கேட்பது அவசியம். கேட்டால் மலசலகூடம் இல்லை, வெளிச்சம் இல்லை, மதுப்போத்தல்கள் கிடக்கின்றன என்ற பதில்களே பெரும்பாலும் வரும். அவை மூன்றும் திருத்தக்கூடியவை.

மீன்பிடிப்பவர்களின் தேவையைத் தனியாகக் கேட்டறிய வேண்டும், ஏனெனில் பூங்கா அமைப்போர் முதலில் அப்புறப்படுத்த நினைப்பது அவர்களைத்தான். வீச்சுவலை எறிபவர் உடலைத் திருப்பி வலையை விரித்து வீசுவதற்கு, அவருக்குப் பின்னால் வெறுமையான நிலம் வேண்டும். தலைக்கு மேல் தாழ்ந்த கிளையோ விளக்குக் கம்பியோ இருக்கக் கூடாது. காலடியில் வலையின் ஈயக்குண்டுகள் சிக்கிக்கொள்ளும் கம்பி வேலியும் இருக்கக் கூடாது. அழகான கைப்பிடி வேலியைக் கரை நெடுகப் போட்டுவிட்டால், தலைமுறை தலைமுறையாக அங்கு நின்று வலை வீசியவர் ஒரே நாளில் அந்நியராகிவிடுவார். பழைய துறைக் கற்களில் தோணி கட்டும் இரும்பு வளையங்கள் சில இன்னும் பதிந்திருக்கலாம். ஒரு வளையத்தின் உட்பக்கம் கயிறு உரசி மெலிந்து பளபளப்பாக இருந்தால், அந்தத் துறை இன்றும் உயிரோடு இருக்கிறது என்று பொருள். அதன் இருபுறமும் தோணிகளுக்கெனக் கரையை ஒதுக்கிவிட வேண்டும். வலை பின்னவும் காயவைக்கவும் ஒரு கூரைக் கொட்டிலைத் திட்டத்திலேயே சேர்த்துக்கொள்வது நல்லது. மீனவர் சங்கத்துடன் இதைப் பேசி, உடன்பாட்டை எழுத்தில் பெற்ற பின்னரே அடுத்த படிக்குப் போக வேண்டும்.

அடுத்தது நீர்மட்டம். நமது கடலில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு; வாவிக்குள் அது இன்னும் சிறிது. கரையின் மட்டத்தைத் தீர்மானிப்பது பருவ வெள்ளமும் முகத்துவாரத்தின் நிலையுமே. பழைய இறங்குதுறையின் தூணை உற்றுப் பார்த்தால் சிப்பிகள் ஒட்டியிருக்கும் கோடு ஒன்று தெரியும். நீர் வழமையாக நிற்கும் உயரம் அது. அதற்கு மேலே பாசி காய்ந்த கறுப்புப் பட்டை ஆண்டுதோறும் வரும் மழைக்கால உயரத்தைக் காட்டும். 2011 வெள்ளம் எட்டிய உயரத்தை அயல் வீடுகளின் சுவர்க் கறைகளாலும் வயதானவர்களின் நினைவாலும் அறியலாம்; ஒருவர் சொல்வதை மட்டும் எடுத்துக்கொள்ளாமல் பல வீடுகளில் கேட்டு ஒப்பிட வேண்டும். இந்த மூன்று உயரங்களையும் நில அளவையாளர் மட்டமானியால் அளந்து, சராசரிக் கடல்மட்டத்தோடு தொடர்புபடுத்தி ஒரே வரைபடத்தில் தர வேண்டும். பூங்காவின் ஒவ்வொரு படியும் பாதையும் மின்பெட்டியும் எந்த உயரத்தில் வர வேண்டும் என்பதை அந்த வரைபடமே சொல்லும்.

கான்களை ஒன்றொன்றாக, அவை தொடங்கும் இடம் வரை நடந்து பார்த்து எழுத வேண்டும். மழைநீர் மட்டுமே வரும் கான் எது, சாப்பாட்டுக் கடையின் எண்ணெயும் வீட்டுக் கழிவுநீரும் கலந்து வருவது எது என்று பிரித்தறியாமல் பூங்கா அமைத்தால், எவ்வளவு பூச்செடி வைத்தாலும் மாலையில் அங்கு யாரும் உட்காரமாட்டார்கள். கழிவுநீர்க் கானைப் பூங்காவுக்கு அடியால் குழாயில் விட்டு மறைப்பது தீர்வாகாது. கடைகளில் எண்ணெய்ப் பொறியும், கான் வாயில் மண்டி படியும் தொட்டியும் குப்பை தடுக்கும் வலைத்தட்டும் அமைத்து, அந்தத் தட்டைக் கிழமைக்கு ஒருமுறை வழித்தெடுக்க ஒருவரைப் பெயர் குறித்து நியமிக்க வேண்டும்.

மண்ணையும் சோதிக்க வேண்டும். படகு இயந்திரம் திருத்திய இடங்கள், எரிபொருள் வைத்திருந்த பண்டகசாலைகள், பழைய பற்றரி உடைத்த இடங்கள் ஆகியவற்றில் எண்ணெயும் ஈயமும் மண்ணில் ஊறியிருக்கக்கூடும். அமெரிக்காவின் சியாற்றில் நகரில் நிலக்கரியிலிருந்து வாயு எடுத்த தொழிற்சாலை ஒன்று 1956 இல் மூடப்பட்டு, 1975 இல் ஏரிக்கரைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. பழைய இயந்திரக் கோபுரங்களை இடிக்காமல் விட்ட அந்தத் துணிவு உலகெங்கும் பாராட்டப்பட்டாலும், மண்ணிலும் நிலத்தடி நீரிலும் தங்கிய மாசை அகற்றும் வேலை பூங்கா திறந்த பின்னரும் பல பத்தாண்டுகள் நீடித்தது. நமது கரைகளில் அந்த அளவுக்கு மாசு இராது. ஆனாலும் சிறுவர் மணலில் விளையாடும் இடத்தைத் தீர்மானிக்கும் முன்னர் பல இடங்களில், வெவ்வேறு ஆழங்களில் மண் எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புவது பெருஞ்செலவு அல்ல.

பழைய இறங்குதுறைகளை வைத்துக்கொள்ள நினைத்தால், நீருக்கு மேலே தெரிவதை மட்டும் பார்த்துத் தீர்மானிக்கக் கூடாது. நியூயோர்க்கில் 2010 முதல் படிப்படியாகத் திறக்கப்பட்ட புரூக்ளின் பாலப் பூங்கா, கைவிடப்பட்ட சரக்குத் துறைகளின் மீது அமைந்தது. துறைமுக நீர் சுத்தமானதும் மரத்தைத் துளைக்கும் கடலுயிர்கள் திரும்பிவந்து, ஆயிரக்கணக்கான மரத்தூண்களை நீருக்கடியில் அரித்துவிட்டன. அவற்றைக் காப்பது அந்தப் பூங்காவின் பெரிய செலவுகளில் ஒன்றாயிற்று. நமது துறைகளில் பழுதுபட்ட கொங்கிரீட்டே கூடுதல் சிக்கல் தரும். உப்புநீர் உட்புகுந்து கம்பி துருப்பிடித்துப் பருக்க, மேற்பூச்சு பிளந்து செங்காவிக் கறை வழிவதைத் தூண்களில் பார்க்கலாம். நீரில் மூழ்கிப் பார்க்கத் தெரிந்த ஒருவரும் கட்டமைப்புப் பொறியியலாளர் ஒருவரும் தூண் தூணாகப் பார்த்து எழுத்தில் சொன்ன பின்னரே, அதன் மீது மக்களை நடக்கவிட வேண்டும்.

காணியும் அனுமதியும்

காணி யாருடையது என்பதைப் பிரதேச செயலகத்தில் உறுதிசெய்ய வேண்டும்; நகரப் பகுதிக்கு அது மண்முனை வடக்குப் பிரதேச செயலகம். வாவியின் ஒதுக்குப் பகுதி எங்கே முடிகிறது, தனியார் உறுதிக்காணி எங்கே தொடங்குகிறது என்பதை நில அளவை வரைபடத்தில் கல்லிட்டுக் காட்டச் சொல்ல வேண்டும். ஒதுக்குப் பகுதியில் பல ஆண்டுகளாகக் குடியிருப்போர் இருந்தால், அவர்களுக்கான மாற்று ஏற்பாடு பூங்காத் திட்டத்தின் முதல் செலவாக வர வேண்டும். அதைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்துக் கட்டிய பூங்காவில் நீதி இராது.

அனுமதிகளில் முதன்மையானது கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம். 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கச் சட்டமும் அதற்கு 2011 இல் வந்த திருத்தமும் இதற்கு அடிப்படை. அத்திருத்தத்தின்படி, கடலோடு தொடுத்த வாவிகளின் ஓரத்தில் சராசரிக் கடல்மட்டத்திலிருந்து உள்நோக்கி 100 மீற்றர் வரையான நிலமும் கரையோர வலயத்துள் அடங்கக்கூடும் என்பதால், தங்கள் துண்டு அதற்குள் வருகிறதா என்பதை வேலை வரைபடம் முடியும் முன்னரே எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். நகர அபிவிருத்தி அதிகார சபையும் மாநகர சபையும் கட்டட அனுமதிக்காக வரைபடத்தைப் பார்க்கும். சுற்றாடல் தொடர்பில் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் கருத்தும், மீன்பிடி தொடர்பில் கடற்றொழில் திணைக்களத்தின் கருத்தும், வீதியை ஒட்டிய கரையானால் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கருத்தும் தேவைப்படும். புளியந்தீவில் 1628 இல் போர்த்துக்கேயர் கட்டி 1638 இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டைக்கு அருகில் மண் தோண்டுவதாயின், தொல்பொருள் திணைக்களத்தின் எழுத்துமூல அனுமதியின்றி ஒரு மண்வெட்டியும் நிலத்தில் படக் கூடாது.

இவ்வளவு அலுவலகங்களுக்கும் தனித்தனியாக அலைவதைவிட, மாவட்டச் செயலகத்தில் அனைவரையும் ஒரே மேசையில் அமர்த்தி, கரைக்கே அழைத்துச் சென்று காட்டி, குறிப்பெழுதிக் கையொப்பம் பெறுவது காலத்தை மீதப்படுத்தும்.

நிரந்தரமாகக் கட்டும் முன் ஒரு வெள்ளோட்டம்

வரட்சிப் பருவத்தில் சில கிழமைகளுக்குக் குப்பையை அகற்றி, சிரமதானத்தால் கரையைத் துப்புரவாக்கி, எடுத்து நகர்த்தக்கூடிய வாங்குகளையும் தற்காலிக விளக்குகளையும் மட்டும் போட்டுத் திறந்துவிடலாம். மக்கள் வாங்குகளை எங்கே நகர்த்திப் போடுகிறார்கள் என்று பார்த்தால், நிழலும் காற்றும் எங்கே கூடுகின்றன என்பது தெரிந்துவிடும். இந்தச் சிறு செலவு பின்னர் பெரிய பிழைகளைத் தவிர்க்கும்.

நீரும் நிலமும் சேரும் ஓரம்

பூங்காவுக்குச் செலவிடும் பணத்தில் பெரும்பங்கு இந்த ஓரத்துக்கே போக வேண்டும். நுழைவாயில் வளைவுக்கும் நீரூற்றுக்கும் செலவிட்டுவிட்டு, ஓரத்தில் மலிவான மதில் ஒன்றைக் கட்டி முடிப்பது நம் நாட்டுப் பூங்காக்களில் அடிக்கடி காணும் குறை.

கரை நெடுகிலும் ஒரே அமைப்பு வேண்டாம். பழைய கருங்கற் சுவர் உறுதியாக இருக்கும் இடத்தில், அதைச் சுண்ணாம்புச் சாந்தால் திருத்தி அப்படியே வைத்துக்கொள்ளலாம். சீமெந்தால் பூசி மூடினால் உள்ளே ஈரம் தங்கிக் கல் தளரும். மக்கள் அதிகம் கூடும் நடுப்பகுதியில் படித்துறை அமைக்கலாம். எஞ்சிய நீளம் முழுவதும் செடி வளர்ந்த சரிவாக இருக்கட்டும்.

படித்துறையில் ஏறி இறங்கும் படிகளுக்கு 15 சென்ரிமீற்றர் உயரமும், உட்காரும் படிகளுக்கு ஏறத்தாழ 45 சென்ரிமீற்றர் உயரமும் பொருந்தும். படிகள் வரட்சிக்கால நீர்மட்டத்துக்கும் கீழே தொடர வேண்டும். இல்லாவிட்டால் நீர் வற்றும் மாதங்களில் கடைசிப் படிக்குக் கீழே சேறும் பள்ளமும் வெளிப்பட்டு ஆபத்தாகும். நீரில் நனையும் படிகளில் பாசி பிடிக்கும் என்பதால், அவற்றை மெருகூட்டாத கொத்துக் கருங்கல்லாலேயே அமைக்க வேண்டும். மினுங்கும் தரையோடுகளை வாவியோரத்தில் எங்குமே பதிக்கக் கூடாது. கடைசிப் படிக்கு அப்பால் முழங்கால் ஆழத்துக்கு மேற்படாத ஒரு தட்டு இரண்டு மீற்றர் அகலத்துக்காவது இருந்தால், தவறி விழும் குழந்தை எழுந்து நிற்க முடியும். கயிறு கட்டிய உயிர்காப்பு வளையங்கள் 50 மீற்றருக்கு ஒன்றாகக் கண்ணில் படும் இடத்தில் தொங்க வேண்டும்.

சரிவை, மூன்று மீற்றர் நீளத்துக்கு ஒரு மீற்றர் உயரம் என்ற அளவிலும் மென்மையாக வெட்டி, அடியில் மண்ணைத் தடுத்து நீரை மட்டும் விடும் வடிதுணி விரித்து, நீர்மட்டத்தில் கருங்கற்களை அடுக்கினால் மண் அரிக்காது. கற்களின் இடுக்குகள் மீன்குஞ்சுக்கும் இறாலுக்கும் ஒதுங்கிடமாகும். சக்கர நாற்காலியில் வருபவரும் நீரின் ஓரம் வரை செல்லும் வகையில் குறைந்தது ஓரிடத்திலாவது சாய்தளம் வேண்டும்; 12 மீற்றர் நீளத்துக்கு ஒரு மீற்றர் உயரத்துக்கு மேல் அது செங்குத்தாக இருக்கக் கூடாது. இருவர் சக்கர நாற்காலிகளில் எதிரெதிரே கடந்து செல்ல 1.8 மீற்றர் அகலப் பாதை போதும். சைக்கிளும் போகும் பாதையானால் மூன்று மீற்றருக்குக் குறையக் கூடாது.

பாதையை ஆண்டு வெள்ளத்துக்கு மேலே அமைக்க வேண்டும். 2011 போன்ற வெள்ளத்துக்கும் மேலே அதை உயர்த்த முயன்றால், பூங்கா அணைக்கட்டாகிவிடும். அயல் வீட்டு மழைநீர் வாவிக்கு வடிய வழியிராது. அரிதாக வரும் பெருவெள்ளத்தில் பூங்கா மூழ்கட்டும். மூழ்கி எழுந்த பின்னர் கழுவிவிட்டுப் பயன்படுத்தக்கூடிய பொருட்களால் அதைக் கட்டுவதும், மின்பெட்டிகளையும் நீர்ப்பம்பியையும் மட்டும் அந்தப் பெருவெள்ளக் கோட்டுக்கு மேலே வைப்பதும் அறிவுடைமை. உப்புநீர் தொடும் கொங்கிரீட்டில் கம்பிக்கு மேல் குறைந்தது 50 மில்லிமீற்றர் மூடுதடிப்பு இருக்கிறதா என்று, கொங்கிரீட் ஊற்றும் நாளன்று சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் அளவுகோலால் அளந்து பார்க்க வேண்டும். ஊற்றிய பிறகு பார்க்க வழியில்லை.

மழைக்காலத்தில் வெள்ளத்தோடு ஆற்றுவாழை என்னும் நீர்க்களை மிதந்து வந்து கரையில் அடையும். முகத்துவாரம் திறந்து உப்புநீர் உள்ளே வந்ததும் அது செத்து அழுகி நாறும். எனவே உழவு இயந்திரம் நீரோரம் வரை இறங்கி அதை அள்ளிச் செல்ல உறுதியான ஒரு சரிவுப்பாதையைத் திட்டத்திலேயே சேர்க்க வேண்டும். தோணி இறக்கும் சரிவும் அதுவாகவே இருக்கலாம்.

நிழல்

வைகாசி தொடக்கம் ஆவணி வரை கச்சான் காற்று மேற்கிலிருந்து அனலாக வீசும்போது, நிழலற்ற பூங்காவில் பகலில் ஒருவரும் இருக்கமாட்டார். கரையில் ஏற்கெனவே நிற்கும் மரம் எதையும் வெட்டாமல், அவற்றைச் சுற்றியே பாதையை வளைக்க வேண்டும். புதிதாக நடுவதற்குப் பூவரசும் புன்னையும் உப்புக்காற்றைத் தாங்கும். சற்று உள்ளே, உப்பு குறைந்த நிலத்தில் வேம்பு, நாவல், இலுப்பை, மருது ஆகியவை நன்கு வளரும். மணற்பாங்கான ஓரங்களில் அடம்பன் கொடி தானாகவே பரவி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. விலை கொடுத்து வாங்கும் புல்விரிப்பைச் சிறுவர் விளையாடும் திடலோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கண்டல் நடுவதில் ஆர்வம் எல்லோருக்கும் உண்டு. மாணவர்களை அழைத்து ஒரே காலையில் நூற்றுக்கணக்கான கன்றுகளை நட்டுப் படம் எடுத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. சுனாமிக்குப் பின்னர் இலங்கைக் கரையோரங்களில் இவ்வாறு நடப்பட்ட கண்டல்களில் பெரும்பகுதி பிழைக்கவில்லை. பொருந்தாத உயரத்தில், நீர் நீண்ட நேரம் தேங்கும் இடத்தில் நட்டது அதற்கு முக்கியமான ஒரு காரணம். அருகில் இயற்கையாக வளர்ந்த கண்டலின் வேரடி எந்த மட்டத்தில் இருக்கிறது என்று அளந்து, அதே மட்டத்தில் மண்ணைச் சரிசெய்துவிட்டால், பல இடங்களில் நீரில் மிதந்துவரும் விதைகள் தாமாகவே வேரூன்றும். தில்லை மரத்தின் பால் கண்ணைக் கெடுக்கும் என்பது நம் ஊரார் அறிந்ததே. அது நிற்கும் இடத்தை வெட்டாமல், சிறுவர் பகுதியிலிருந்து தள்ளி வைத்துப் பலகையில் எழுதிவைத்தால் போதும்.

மலசலகூடம், விளக்கு, கடை

மலசலகூடத்தை முதற்கட்டத்திலேயே கட்ட வேண்டும். நிலத்தடி நீர் மேலாக இருக்கும் வாவியோரத்தில் உறிஞ்சு குழி வைத்தால் கழிவு நேராக வாவிக்குப் போகும் என்பதால், நீர் புகாத தொட்டியும் அதை ஒழுங்காக உறிஞ்சி எடுக்கும் ஏற்பாடும் தேவை. கழுவித் துடைப்பவருக்கு மாதச் சம்பளம் ஒதுக்காத மலசலகூடம் சில மாதங்களில் பூட்டப்படும்.

விளக்குகள் பாதையை நோக்கிக் கீழே ஒளி வீச வேண்டும். நீரை நோக்கி வீசும் பெருவிளக்குகள் வேண்டாம். நிலவு காயும் இரவுகளில் கல்லடிப் பாலத்தருகே தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையை நீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைத்துப் பாடும் மீனைக் கேட்பது நம் நகரத்தின் பெயரோடு ஒட்டிய வழக்கம். அதற்கு அமைதியும் இருளும் வேண்டும். பூங்காவில் நிரந்தர ஒலிபெருக்கியே பொருத்தக் கூடாது என்றும், பூரணையை ஒட்டிய இரவுகளில் ஓரத்து விளக்குகளைக் குறைக்க வேண்டும் என்றும் பூங்கா விதிகளில் எழுதிவிட வேண்டும். 2013 இல் புதிய கல்லடிப் பாலம் திறக்கப்பட்ட பின்னர் வாகனப் பாரம் நீங்கிய பழைய இரும்புப் பாலத்தோடு பூங்காப் பாதை தொடுக்குமானால், நடப்போருக்கு அதைவிட நல்ல வழி நகரத்தில் வேறில்லை.

கச்சான், சோளம், ஐஸ்கிறீம் விற்போருக்கு வீதிப்பக்கத்தில் வண்டி நிறுத்தும் இடங்களை ஒதுக்கி, சிறிய வாடகை பெறலாம். நீரோரத்தில் நிரந்தரக் கட்டடமாக உணவகம் எதையும் அனுமதிக்கக் கூடாது. ஒன்றை அனுமதித்தால், அடுத்த ஆண்டில் அதன் வேலி கரையை மறிக்கும்.

பருவத்தோடு ஒத்த வேலைத்திட்டம்

மண் வெட்டுதல், கல் அடுக்குதல், நீரோரக் கொங்கிரீட் ஆகியவை சித்திரையில் தொடங்கி ஆவணி முடிவதற்குள் நிறைவுற வேண்டும். புரட்டாதிக்குப் பின் சரிவைத் திறந்த நிலையில் விட்டால், முதல் பெருமழையே அதைக் கரைத்து வாவிக்குள் கொண்டுபோய்விடும். மரக்கன்றுகளை ஐப்பசி மழை தொடங்கியதும் நட்டால், தை வரை வானமே நீர் ஊற்றும். ஆகவே கேள்விப்பத்திரம் கோருதலும் ஒப்பந்தம் எழுதுதலும் மாசி, பங்குனியில் முடிந்திருக்க வேண்டும். நிதி ஆண்டு முடிகிறது என்பதற்காகக் கார்த்திகையில் அவசரமாக வேலை தொடங்கும் வழக்கத்தைக் கரையோர வேலைகளில் முற்றாகத் தவிர்க்க வேண்டும்.

திறந்த பின்னர்

மாநகர சபை பாதீடு தயாரிக்கும் ஆண்டின் கடைசிக் காலாண்டுக்கு முன்னரே, பூங்காவுக்கான பராமரிப்புத் தொகையைத் தனித் தலைப்பில் சேர்க்கும்படி எழுத்தில் கேட்க வேண்டும். தொழிலாளர் சம்பளம், கான் வலைத்தட்டுத் துப்புரவு, மலசலகூடம், மின்கட்டணம், மரங்களுக்கு முதல் இரண்டு வரட்சிகளில் நீர், ஆற்றுவாழை அகற்றுதல் என்று ஒவ்வொன்றையும் பிரித்து எழுதினால்தான் தொகை நியாயமாக வரும். வண்டி வாடகை இதே கணக்குக்கு வரும்படி சபைத் தீர்மானம் ஒன்றையும் பெற்றுக்கொள்ள வேண்டும். மீனவர் சங்கம், அயல் குடும்பங்கள், வண்டிக்காரர்கள், பாடசாலைகள் ஆகியவற்றின் பிரதிநிதிகள் அடங்கிய ஒரு குழு மாதம் ஒருமுறை பூங்காவிலேயே கூடி, பழுதுகளைக் கண்ணால் பார்த்து எழுதி ஆணையாளருக்குக் கொடுக்கட்டும். மார்கழி, தை மாதங்களில் டெங்கு கூடும் என்பதால், நீர் தேங்கும் தொட்டி, மூடி, பூச்சாடித் தட்டு ஆகியவற்றைக் கிழமைதோறும் பார்ப்பதும் அந்தக் குழுவின் பொறுப்பாகலாம்.

ஒப்பந்தகாரருக்குரிய தடுத்துவைத்த பணத்தை விடுவிப்பது குறித்து ஒப்பந்தம் எழுதும்போதே கவனம் வேண்டும். குறைதிருத்தக் காலம் குறைந்தது ஒரு முழு மழைக்காலத்தை உள்ளடக்கியதாக இருக்க வேண்டும். முகத்துவாரம் திறந்து நீர் வடிந்ததும், தொழில்நுட்ப உத்தியோகத்தரும் குழுவினரும் சேர்ந்து கரை நெடுக நடந்து, சரிவின் அடிக்கற்கள் இறங்கியிருக்கின்றனவா, கடைசிப் படிக்குக் கீழே மண் அரித்திருக்கிறதா, பாதையில் நீர் தேங்கும் பள்ளங்கள் எவை, கான் வாய்கள் அடைபட்டனவா என்று பார்த்து, படத்துடன் பட்டியலிட வேண்டும். அப்பட்டியலில் உள்ளவை திருத்தப்பட்டு, மீண்டும் ஒருமுறை நடந்து பார்த்த பின்னரே அந்தப் பணம் விடுவிக்கப்பட வேண்டும்.